பதினெட்டுக் கச்சேரியும் சிறைக்கோட்டமும்: பெங்களூரின் இரு கட்டடங்கள் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓர் அரசு தன்னைப் பற்றிக் கல்வெட்டுகளில் சொல்லிக்கொள்வது ஒன்று. கட்டடங்களில் சொல்லிவிடுவது மற்றொன்று. கல்வெட்டில் அரசன் விரும்பியதே இடம்பெறும். கட்டடத்தின் தரைப்படமோ அவன் அஞ்சியதையும் சேர்த்தே காட்டிவிடும். பெங்களூரு நகரின் நடுவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே செல்லத்தக்க தொலைவில், இரு பழைய கட்டடங்கள் உள்ளன. ஒன்று, இன்று கர்நாடக உயர் நீதிமன்றம் இயங்கும் அட்டாரா கச்சேரி. மற்றொன்று, சேஷாத்ரி சாலையில் அமைந்த பழைய மத்தியச் சிறை. 2008 முதல் இது விடுதலைப் பூங்கா என்னும் பொதுவிடமாக உள்ளது. இரண்டும் 1860களில், ஒரே நிர்வாகத்தின் கீழ் உருவானவை. எனினும் இவை இதுவரை தனித்தனியாகவே பேசப்பட்டு வந்துள்ளன. முதலாவதைக் கட்டடக்கலை விரும்புவோர் போற்றுகின்றனர். இரண்டாவதை அரசியல் வரலாற்றாளர் நினைவுகூர்கின்றனர். ஒரே ஆட்சியின் ஒரே காலத்துச் சிந்தனை இரு வேறு தரைப்படங்களாகப் பிரிந்து நின்றதை இரண்டையும் இணைத்து நோக்கும்போதே உணர இயலும். இக்கட்டுரை அவ்வகையில் அவற்றை அணுகுகிறது. இரண்டின் வரலாற்றிலும் தமிழர்க்கும் தமிழ்ச் சொற்களுக்கும் உள்ள பங்கு உரிய இடங்களில் சுட்டப்பெறுகிறது.

சொற்கள்

கட்டடத்திற்குள் நுழையுமுன் அதன் பெயரைக் கவனித்தல் நலம். 'அட்டாரா' என்பது பதினெட்டைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லின் திரிபு. 'கச்சேரி' என்பதும் அவ்வழி வந்ததே; அரசு அலுவலகம், வழக்கு விசாரிக்கும் இடம் என்னும் இரு பொருளும் அதற்கு உண்டு. பதினெட்டுத் துறைகளின் அலுவலகங்கள் ஒருங்கே அமைந்தமையால் கட்டடம் இப்பெயர் பெற்றது.

தமிழில் இச்சொல் கொண்ட பயணம் விந்தையானது. சென்னை மயிலாப்பூரில் கச்சேரி சாலை என்னும் பெயர், அலுவலகம் என்ற பழம்பொருளை இன்றும் காத்து நிற்கிறது. இலங்கைத் தமிழர் வழக்கில் மாவட்டச் செயலகம் கச்சேரி என்றே வழங்கப்படுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் கச்சேரிக்குப் போவதாகச் சொன்னால் அவர் பாட்டுக் கேட்கச் செல்லவில்லை என்பது அங்கு யாவர்க்கும் விளங்கும். தமிழகத்திலோ அலுவலகப் பொருள் மங்கி, இசை அரங்கே கச்சேரியாயிற்று. பலர் கூடுமிடம் என்னும் பொதுக்கூறு இம்மாற்றத்திற்கு வழிவகுத்திருக்கலாம். சங்க இலக்கியத்தில் மதுரைக்காஞ்சி 'அறங்கூறவையம்' என்று குறிக்கும் நீதியவையும் அடிப்படையில் ஒரு கூட்டமே; கட்டடமன்று. நீதி என்பது ஓர் அவையிலிருந்து ஓர் அலுவலகத்திற்கு இடம்பெயர்ந்ததைக் கச்சேரி என்னும் சொல்லின் வருகை குறிக்கிறது எனலாம்.

சிறையைக் குறிக்கும் சொல்லில் இத்தகைய அயல்வரவு இல்லை. தமிழின் 'சிறை'யும் கன்னடத்தின் 'செரெ'யும் ஒரே வேரின. கன்னடர் 'செரெமனெ' என்பதைத் தமிழர் சிறைமனை என்று பொருள் கொள்ள அகராதி வேண்டியதில்லை. அலுவலகத்திற்குப் பெயரை வெளியிலிருந்து பெற்ற இரு மொழிகளும் சிறைக்குத் தம் பழஞ்சொல்லையே கொண்டிருப்பது ஈண்டு எண்ணத்தக்கது. பெயர் பழையதாயினும் 1860களில் அப்பெயரைத் தாங்கி எழுந்த கட்டடம் முற்றிலும் புதியது.

அரண்மனையிலிருந்து அலுவலகத்திற்கு

1831இல் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரிடமிருந்து மைசூர் நாட்டின் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டனர். ஆணையர்களின் ஆட்சி அதன்பின் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. நிர்வாகத்தின் இருப்பிடம் மைசூரிலிருந்து பெங்களூருக்கு மாறியது. அப்போது அலுவலகங்களுக்கென ஆங்கிலேயர் புதிதாக எதையும் கட்டவில்லை. கோட்டைப் பகுதியில், ஐதர் அலி தொடங்கித் திப்பு சுல்தான் 1791இல் நிறைவு செய்த அரண்மனையே தலைமை அலுவலகமாயிற்று. மரத்தூண்களும் மரவளைவுகளும் கொண்டு ஓர் அரசன் கொலுவிருக்க அமைத்த கூடத்தில் எழுத்தர்கள் கோப்புகளோடு அமர்ந்தனர். 1834 முதல் 1861 வரை ஆணையராக விளங்கிய மார்க் கப்பன் காலம் முழுவதும் இந்நிலையே தொடர்ந்தது.

1862இல் ஆணையரான லெவின் பெந்தம் பௌரிங் நிர்வாகத்தைத் துறைவாரியாகச் சீரமைத்தார். வருவாய், நீதி, பொதுப்பணி எனத் துறைகள் பெருகவே, அரண்மனையில் இடம் போதவில்லை. 1864இல் தொடங்கிய புதிய கட்டடம் 1868இல் நிறைவுற்றது. அலுவலகங்கள் திப்புவின் அரண்மனையை விட்டு வெளியேறின. இம்மாற்றத்தை இடநெருக்கடி ஒன்றாலேயே விளக்குவது முழுமையாகாது. தோற்றுப்போன அரசனின் கூடத்தில் அமர்ந்து ஆள்வது, வென்றவர்க்குச் சில காலம் பெருமையாக இருக்கலாம். நெடுங்காலத்திற்கு அது இரவல் இடமே. அட்டாரா கச்சேரி, அவ்வாட்சி தனக்கென அமைத்துக்கொண்ட முதற்பெரும் முகம்.

கச்சேரியின் கட்டமைப்பு

கட்டடத்தின் வடிவமைப்பு, மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த ரிச்சர்டு ஹீரம் சாங்கியின் பெயரோடு இணைத்துக் கூறப்படுகிறது. சென்னைப் பொறியாளர் படையைச் சேர்ந்த இவர், 1877இல் எழுந்த அரசு அருங்காட்சியகக் கட்டடத்திற்கும் வடிவம் தந்தவர். 1882இல் உருவான சாங்கி ஏரி இன்றும் இவர் பெயரைத் தாங்கியுள்ளது.

கல்லும் செங்கல்லும் கொண்டு எழுப்பப்பெற்ற இருதளக் கட்டடம் இது. செந்நிறப் பூச்சு இதன் அடையாளம். நீண்டு கிடக்கும் முகப்பின் நடுவிலும் இரு முனைகளிலும் முகமண்டபங்கள் முன்னோக்கி நீட்டப்பட்டுள்ளன. அவற்றைத் தாங்குவன அயோனியத் தூண்கள். ஆட்டுக்கொம்பு போல் இருபுறமும் சுருண்ட தலைப்புடையவை. முகமண்டபங்களுக்கு இடையில் இரு தளங்களிலும் திறந்த தாழ்வாரங்கள் ஓடுகின்றன. மைய மண்டபத்தின் விதானத்தில் மார்க் கப்பனின் உருவம் ஓவியமாக உள்ளது. 1866இல் நிறுவப்பட்ட அவருடைய குதிரையேறிய வெண்கலச் சிலை பின்னர்க் கட்டடத்தின் முன்னே நின்றது. மாரோச்செட்டி என்னும் சிற்பியின் ஆக்கம் அது.  அச்சிலை 2020இல் நீதிமன்ற முன்றிலிலிருந்து அகற்றப்பட்டுக் கப்பன் பூங்காவினுள் நிறுவப்பட்டது.

இக்கட்டடத்தைக் கிரேக்க, உரோம பாணி என்று வகைப்படுத்தி அமைவது வழக்கம். அவ்வகைப்பாடு தவறன்று, ஆயினும் அது தூண்களைப் பார்க்கிறதே அன்றித் தாழ்வாரத்தைப் பார்க்கவில்லை. ஏதென்சின் தூண்கள் கோயிலுக்கு உரியவை. இங்கு அவை சட்டத்தின் மாட்சியை அறிவிக்கும் பொருட்டு முன்னிறுத்தப்பட்டன. அவற்றின் பின்னால் நீளும் தாழ்வாரமோ தென்னாட்டு வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ற அமைப்பு. அலுவலின் இயல்புக்கும் அது பொருந்தியது. மனுவோடு வந்தவன் காத்திருப்பதும், எழுத்தன் கட்டுக்களோடு அறைவிட்டு அறை செல்வதும், வழக்கறிஞரும் கட்சிக்காரரும் தணிந்த குரலில் பேசிக்கொள்வதும் தாழ்வாரத்திலேயே நிகழ்வன. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் அமைகின்றன. எந்த ஓர் அறையும் மற்றோர் அறையைக் கண்காணிப்பதில்லை. கட்டடம் வெளியே நோக்குகிறது. வெளியிலிருந்து நோக்கப்படவும் விரும்புகிறது. 1870இல் இதனை அடுத்து உருவாக்கப்பட்ட பூங்கா, முதலில் மீட் பூங்கா என்றும் பின்னர்க் கப்பன் பூங்கா என்றும் பெயர் பெற்றது. அப்பூங்காவின் பசுமை இச்செந்நிறக் கட்டடத்தின் காட்சியை நிறைவு செய்தது.

1892இல் திறக்கப்பெற்ற சென்னை உயர் நீதிமன்றத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். கால் நூற்றாண்டு இடைவெளியில் காலனியக் கட்டடக்கலை தன் உடையை மாற்றிக்கொண்டது. சென்னையில் கும்மட்டங்களும் கோபுரங்களும் வளைவுகளும் செறிந்த இந்தோ–சாராசெனிக் பாணி எடுத்தாளப்பட்டது; ஆளப்படுவோரின் மரபையே தன் மரபாகக் காட்டும் முயற்சி அது. பெங்களூரில் அத்தகைய பாவனை இல்லை. ஐரோப்பியத் தூண்கள் ஐரோப்பியத் தூண்களாகவே நின்றன. மறைப்பின்மை என்னும் அளவில், பின்னதே நேர்மையான கட்டடம் என்று கொள்ளத் தோன்றுகிறது.

கட்டியவர்

ஆணையரின் பெயரும் பொறியாளரின் பெயரும் வழிகாட்டி நூல்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. கட்டடத்தைக் கட்டி முடித்த ஒப்பந்தக்காரர் ஒரு தமிழர் என்பது அத்துணை பரவலாக அறியப்படவில்லை. அவர் ராய் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். ஆர்க்காட்டைப் பெயரிலும், பெங்களூரு தண்டுப்பகுதியை வாழ்விலும் கொண்டவர்.

1809இல் நிறுவப்பட்ட தண்டுப்பகுதி, சென்னை மாகாணப் படையின் தேவைக்காக எழுந்தது. படையோடு வணிகர், கொத்தனார், கல்தச்சர், சமையற்காரர், வண்டிக்காரர் எனத் தமிழ்ப் பேசும் மக்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். அல்சூர் முதலான பகுதிகளின் தமிழ் வாழ்வு இவ்வாறு தொடங்கியதே. வணிகத்தாலும் ஒப்பந்தப் பணிகளாலும் பொருளீட்டிய முதலியார், 1873இல் கல்வி அறப்பணியைத் தொடங்கினார். அவர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளால் ஆர்.பி.ஏ.என்.எம். என்று வழங்கப்படும் அக்கல்வி நிறுவனங்கள் இன்றும் பெங்களூரில் இயங்கி வருகின்றன.

அட்டாரா கச்சேரியில் ஈட்டிய பொருள் பள்ளிக்குச் சென்றது என்று நேர்க்கோடு வரைவது எளிது. அக்கோடு வரலாற்றுக்குத் தேவையில்லை. ஒரே மனிதர் நகருக்கு அளித்தவற்றுள் பள்ளியில் அவர் பெயர் நின்றது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை என்பதே குறிக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் தச்சர் பெயரைக் கல்லில் வெட்டிய மரபொன்று இந்நிலத்திற்கு இருந்தது. காலனியப் பொதுப்பணித்துறை அதனைத் தொடரவில்லை.

சிறையின் கோலம்

1860களில் எழுந்த மத்தியச் சிறையின் தரைப்படம், கச்சேரியின் தரைப்படத்திற்கு நேர்மாறானது. நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து நாற்புறமும் நீளும் கொட்டடிகள். அனைத்தையும் சூழ்ந்த உயர்மதில். வண்டிச் சக்கரத்தை எண்ணிக்கொண்டால் இதனை விளங்கிக்கொள்ளலாம். குடத்தின் இடத்தில் காவலன்; ஆரக்கால்களில் கைதிகள். கச்சேரியில் கட்டடம் வெளியே நோக்குகிறது. இங்கு ஒரே ஒரு கண் உள்ளிருந்து எல்லாப் பக்கமும் நோக்குகிறது. மதிலுக்கு வெளியே நிற்பவனுக்குக் காட்ட இக்கட்டடத்தில் எதுவுமில்லை.

இவ்வமைப்பைப் பலரும் ஜெரமி பெந்தத்தின் 'பனாப்டிகான்' என்றே குறித்துவிடுகின்றனர். இதில் ஒரு திருத்தம் தேவை. 1791இல் பெந்தம் நூலாக வெளியிட்ட திட்டம் வட்டவடிவக் கட்டடம் ஒன்றைப் பற்றியது. வட்டத்தின் விளிம்பில் அறைகள், நடுவில் காவலன், ஒவ்வோர் அறையின் உட்புறமும் அவன் கண்ணுக்குத் தப்பாது. ஆரக்கால் அமைப்புச் சிறையில் இது நிகழாது. நடுவில் நிற்பவனுக்குக் கொட்டடிகளின் நீளமும் இடைப்பட்ட முற்றங்களும் தெரியுமே அன்றி, உள்ளிருப்போர் ஒவ்வொருவரும் தெரியார். 1829இல் பிலடெல்பியாவிலும் 1842இல் இலண்டன் பென்டன்வில்லிலும் எழுந்த சிறைகள் இவ்வமைப்பைப் புகழ்பெறச் செய்தன. பெங்களூரின் சிறை அந்த மரபினது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் போர்ட்பிளேரில் ஏழு சிறகுகளோடு எழுந்து 1906இல் முடிவுற்ற செல்லுலார் சிறையும் இம்மரபினதே.

எனினும் பெந்தத்தை முற்றிலும் விலக்கவும் இயலாது. ஆணையர் பௌரிங்கின் பெயரின் நடுவே 'பெந்தம்' நிற்கிறது. இவருடைய தந்தை ஜான் பௌரிங், பெந்தத்தின் நெருங்கிய நண்பர். அவர் எழுத்துகளின் காப்பாளர். அவர் மறைவுக்குப் பின் அவருடைய ஆக்கங்களைத் தொகுதிகளாகப் பதிப்பித்தவர். ஆக, ஒரு மெய்யியலாளனின் பெயரைத் தாங்கிய மகனது ஆட்சியில், அம்மெய்யியலாளன் கனவு கண்ட நடுக்கண் பெங்களூரில் கல்லாக எழுந்தது. தொடர்பு நேரடியானது என்று இதனால் நிறுவிவிட முடியாது. 1838இல் சிறை ஒழுங்கு பற்றிய குழு மத்தியச் சிறைகளைப் பரிந்துரைத்தது முதற்கொண்டே இந்தியாவில் இவ்வெண்ணங்கள் பரவிவந்தன. ஆயினும் அறிவு மரபு ஒன்று குடும்பப் பெயர்வழியும் பயணம் செய்யும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இவ்விடத்தில் இரு தரைப்படங்களையும் அருகருகே வைத்து நோக்கலாம். கச்சேரியில் குடிமகன் பார்வையாளன், அரசு காட்சிப்பொருள். சிறையில் அரசு பார்வையாளன், குடிமகன் காட்சிப்பொருள். தூண்களின் அழகைப் பேசும்போது கோபுரத்தின் கண்ணை மறந்துவிடுவதும், கண்காணிப்பின் கொடுமையைப் பேசும்போது திறந்த தாழ்வாரத்தைக் கணக்கில் கொள்ளாததும் குறைநோக்கே ஆகும். சட்டத்தின் முன் வந்து முறையிடலாம் என்று ஒரு கட்டடம் சொல்லியது. முறைதவறினால் எங்கும் மறைய இயலாது என்று மற்றொன்று சொல்லியது. இரண்டும் சேர்ந்ததே அவ்வாட்சி.

1881இல் ஆட்சி உடையார் குலத்திடம் திரும்பிய பின்னரும் இரு கட்டடங்களும் தம் பணியில் மாறவில்லை. 1884இல் மைசூரின் முதன்மை நீதிமன்றம் அமைந்தது. 1930இல் அது உயர் நீதிமன்றம் என்று பெயர் பெற்றது. விடுதலைப் போராட்டக் காலத்திலும், 1947இல் மைசூரில் பொறுப்பாட்சி வேண்டி நடந்த 'மைசூர் சலோ' இயக்கத்தின்போதும் சிறை நிரம்பியது. 1956இல் தலைமைச் செயலகம் எதிரே எழுந்த விதான சௌதாவிற்குக் குடிபெயர, பதினெட்டுத் துறைகளின் கச்சேரி நீதியின் கச்சேரியாக மட்டும் எஞ்சியது. கெங்கல் அனுமந்தையாவின் முயற்சியால், பொறியாளர் பி. ஆர். மாணிக்கத்தின் வடிவமைப்பில், திராவிடக் கோயிற்கலைக் கூறுகளோடு எழுந்த விதான சௌதாவின் கட்டுமானத்தில் மத்தியச் சிறைக் கைதிகளின் உழைப்பும் சேர்ந்திருந்ததாகக் கூறப்படுகிறது. அயோனியத் தூண்களுக்கு எதிர்மொழியாக எழுந்த கருங்கல் மாளிகையின் கற்களைச் சுமந்தவருள், ஆரக்கால் கொட்டடிகளில் இரவைக் கழித்தவரும் இருந்தனர் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1975: இரு கட்டடங்களின் சந்திப்பு

கச்சேரியும் சிறையும் வரலாற்றில் நேருக்குநேர் நின்ற தருணம் நெருக்கடி நிலைக் காலம். நாடாளுமன்றக் குழு ஒன்றின் பணிக்காகப் பெங்களூரு வந்திருந்த அடல் பிகாரி வாஜ்பாய், லால் கிருஷ்ண அத்வானி ஆகியோர் 1975 ஜூன் 26 அன்று கைது செய்யப்பட்டு மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டனர். சோசலிஸ்டுத் தலைவர் மது தண்டவதேயும், பழைய காங்கிரசைச் சேர்ந்த சியாம் நந்தன் மிசுராவும் உடன் இருந்தனர். கர்நாடகத்தின் இராமகிருஷ்ண ஹெக்டே, தேவ கௌடா முதலானோரும் இச்சிறையின் கைதிகளாயினர். கோபுரத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்களுள் இருவர் பிற்காலத்தில் நாட்டின் தலைமை அமைச்சர்களாயினர் என்பதைச் சிறையைக் கட்டியவர் கனவிலும் கருதியிருக்க மாட்டார். வாஜ்பாய் 'கைதிக் கவிராயர்' என்னும் பெயரில் குண்டலியா யாப்பில் பாடல்கள் புனைந்தது இந்நெருக்கடி நிலைச் சிறைவாழ்வில்தான். அத்வானியின் சிறைக்குறிப்புகள் 1978இல் நூலாயின.

சிறையிலிருந்த தலைவர்கள் ஆள்கொணர் மனுக்களைக் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்தனர். மனு, கோபுரத்தின் நிழலிலிருந்து தாழ்வாரத்திற்குச் சென்றது. அடிப்படை உரிமைகள் நிறுத்தி வைக்கப்பட்ட நிலையில் இத்தகைய மனுவைக் கேட்கவே நீதிமன்றத்திற்கு இயலாது என்பது அரசின் வாதம். அவ்வாதத்தை ஏற்காத உயர் நீதிமன்றங்கள் நாட்டில் ஒன்பது. கர்நாடகம் அவற்றுள் ஒன்று. மேல்முறையீடுகள் ஒருங்கே விசாரிக்கப்பட்டு, ஜபல்பூர் கூடுதல் மாவட்ட நடுவர் எதிர் சிவகாந்த் சுக்லா என்று அறியப்படும் வழக்கில் 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நால்வர் அரசின் பக்கம் நின்றனர், எச். ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். உயர் நீதிமன்றங்களின் கதவு மூடப்பட்டது. அத்தீர்ப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றமே அறிவிக்க 2017 ஆகஸ்டு 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தனியுரிமை பற்றிய அவ்வழக்கைத் தொடுத்தவர் கே. எஸ். புட்டசாமி; கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக வீற்றிருந்தவர். செந்நிறக் கட்டடத்தின் நிராகரிக்கப்பட்ட கருத்து நாற்பத்தோராண்டு கழித்து அக்கட்டடத்தின் முன்னாள் நீதிபதி ஒருவர் பெயரால் மீண்டது என்று கூறுவது மிகையாகாது.

தலைவர்கள் மீண்டனர், மீளாதவரும் உண்டு. 'சம்ஸ்காரா' திரைப்படத்தில் சந்திரியாக நடித்த சினேகலதா ரெட்டி 1976 மே மாதம் கைது செய்யப்பட்டு இச்சிறையில் அடைக்கப்பட்டார். கடும் ஆஸ்துமா நோயாளியான அவர், எட்டு மாதச் சிறைவாசத்தில் உடல் நலிந்து, 1977 சனவரி 15இல் விடுவிக்கப்பட்டு, 20ஆம் நாள் காலமானார். அவருடைய சிறைக்குறிப்புகள் மறைவுக்குப் பின் வெளியாயின. அதே மாதம் சென்னையில், முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு, சென்னை மத்தியச் சிறையில் பட்ட அடியின் விளைவால் இறந்தார். அச்சிறைக் கொடுமைகளை விசாரித்த ஆணையத்தின் தலைவர், கம்பனில் தோய்ந்த நீதிபதி மு. மு. இஸ்மாயில். கண்காணிப்பின் வரலாற்றை எழுதிய மிஷேல் ஃபூக்கோவின் புகழ்பெற்ற நூல் பிரெஞ்சில் வெளிவந்ததும் 1975இல்தான். கண்காணிக்கும் கோபுரம் பற்றி அவர் கூறியன நுட்பமானவை. எனினும் பெங்களூரிலும் சென்னையிலும் உயிர்களைப் பறித்தது கோபுரத்தின் பார்வை அன்று. அக்கண் காணாத மூலைகளில் நிகழ்ந்த அடியும், மறுக்கப்பட்ட மருத்துவமும் ஆகும்.

எஞ்சியவை

1980களில் அட்டாரா கச்சேரியை இடித்துவிட்டுப் புதிய கட்டடம் எழுப்பும் முயற்சி எழுந்தது. அதனை எதிர்த்துப் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. ஒரு கட்டடத்தின் வாழ்வும் சாவும் அதே கட்டடத்தின் கூடங்களில் வழக்காடப்பட்ட நிகழ்வு அரிதினும் அரிது. கட்டடம் தப்பியது, பின்புறம் புதிய பகுதிகள் சேர்ந்தன.

சிறைக்கு வேறு விதி. 2000இல் கைதிகள் நகரின் தென்புறத்தில் பரப்பன அக்ரகாரத்தில் அமைந்த புதிய சிறைக்கு மாற்றப்பட்டனர். வடிவமைப்புப் போட்டியில் தேர்வுபெற்ற மேத்யூ–கோஷ் கட்டடக்கலைஞர்களின் திட்டப்படி, காவற்கோபுரமும் நுழைவாயிலும் சில கொட்டடிகளும் மதிலின் பகுதிகளும் பேணப்பட்டு, 2008 நவம்பரில் வளாகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 1837இல் கட்டப்பட்ட சென்னை மத்தியச் சிறை இதற்கு மாறாக, 2006இல் கைதிகள் புழலுக்கு மாற்றப்பட்டபின், 2009இல் முற்றிலும் இடிக்கப்பட்டது. அண்ணாவையும் நேதாஜியையும் அடைத்துவைத்த சுவர்களுள் ஒன்றேனும் நின்றிருக்கலாம். இடம் மருத்துவக் கல்லூரிக்குப் பயன்பட்டது என்பது நியாயமே. ஆயினும் ஒரு கொட்டடியைக் காத்திருந்தால் மருத்துவக் கல்விக்கு இடர் நேர்ந்திராது.

சிறை ஒன்று வேறு பயனுக்கு மாறுதல் தமிழ் இலக்கியம் அறிந்த செய்தி. மணிமேகலையின் பத்தொன்பதாம் காதை, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதைக் கூறுவது. அமுதசுரபியோடு புகார்ச் சிறைக்குட் சென்று பசித்தோர்க்கு உணவளித்த மணிமேகலை, மாவண்கிள்ளியிடம் வரமாக வேண்டியது அச்சிறையையே. அது பின்னர்ப் புத்தன் கோயிலும் அறவோர் பள்ளியும் சமைக்கும் இடமும் உண்ணும் சாலையும் ஆயிற்று என்று காப்பியம் காட்டும். ஒரு கட்டடத்தின் மறுபயன்பாடு குறித்து இத்துணை நுணுக்கமான இலக்கியப் பதிவு வேறு எம்மொழியிலும் அக்காலத்தில் உண்டா என்பது ஒப்பிலக்கியத்தார் ஆயத்தக்கது. பெங்களூரு நிகழ்வை இதனோடு ஒப்பிட விழைதல் இயல்பு. ஆனால் ஒப்புமை பாதியிலேயே நின்றுவிடுகிறது. காப்பியத்தில் நீங்கியது சிறை என்னும் நிலை. இங்கு நீங்கியது சிறையின் முகவரி மட்டுமே.

புதிய முகவரியைத் தமிழர் நன்கறிவர். 2003இல் உச்ச நீதிமன்றத்தால் கர்நாடகத்திற்கு மாற்றப்பட்ட சொத்துக்குவிப்பு வழக்கில், 2014 செப்டம்பர் 27 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு எதிரான தீர்ப்பு பரப்பன அக்ரகார வளாகத்திலேயே கூடிய சிறப்பு நீதிமன்றத்தில் வழங்கப்பட்டது. அங்கிருந்தே அவர் சிறை புகுந்தார். 2015 மே 11இல் கர்நாடக உயர் நீதிமன்றம் அளித்த விடுதலையை 2017 பிப்ரவரி 14இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதற்கு முன்பே, 2016 டிசம்பரில், அவர் காலமாகியிருந்தார். 1860களில் நீதிமன்றத்திற்கும் சிறைக்கும் இடையே ஒரு நகரின் தெருக்கள் இருந்தன. தீர்ப்புப் பெற்றவன் அத்தெருக்களின் வழியே, மக்கள் பார்க்க, சென்றாக வேண்டும். பரப்பன அக்ரகாரத்தில் அவ்விடைவெளி ஒரு வளாகச் சுவருக்குள் சுருங்கிவிட்டது. பாதுகாப்பு நோக்கில் இது வசதியே. கட்டடக்கலை நோக்கில், திறந்த தாழ்வாரம் கோபுரத்தின் எல்லைக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டதாகவே இதனைக் கருத வேண்டியுள்ளது.

பழைய சிறை வளாகத்தைப் பூங்காவாக்கியபோது அதன் ஒரு பகுதி, மக்கள் கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவிக்கும் இடமாக ஒதுக்கப்பட்டது. அது கூடுதலான ஓர் இடமாகவே முதலில் கருதப்பட்டது. 2021இல் பெங்களூரு நகரில் போராட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணை பிறப்பிக்கப்பட்டு, போக்குவரத்து நெரிசலைக் காரணங்காட்டி, ஊர்வலங்களும் ஆர்ப்பாட்டங்களும் விடுதலைப் பூங்காவில் மட்டுமே நடத்தப்பட வேண்டும் என்றாயிற்று. உயர் நீதிமன்றமும் இதனை நடைமுறைப்படுத்துமாறு வலியுறுத்தியது. விதான சௌதாவிற்கும் அட்டாரா கச்சேரிக்கும் இடைப்பட்ட சாலையில் ஒலித்துவந்த முழக்கங்கள் இன்று பழைய காவற்கோபுரம் நிற்கும் வளாகத்தில் ஒலிக்கின்றன.